இது யாரோடது?

அவர் எங்கள் அலுவலகத்தில் சேர்ந்த வாரமே எங்கள் தீபாவளி வாழ்த்து அட்டை நின்றுபோனது.

சிராங்கூன் சாலையிலிருந்து பிரிகிற ஒரு சந்தில், பூக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது எங்கள் அலுவலகம். காணொளி எடுத்துக் கொடுக்கிற சின்ன நிறுவனம். முதலாளி ஜமால் பாய். அவருடைய குடும்பம் தாத்தா காலத்தில் நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து வந்து அதே வட்டாரத்தில், தேக்காவில் துணிக்கடை போட்டது. பேரன் துணியை விட்டுவிட்டுக் கேமராவைப் பிடித்துக்கொண்டார். நான் அங்கே படத்தொகுப்பாளர். அட்டை வடிவமைப்பு, சுவரொட்டி என்று மற்ற வேலைகளும் என் தலையில்தான் விழும்.

அந்த வருடம் வாழ்த்து அட்டைக்கு ஒரு நல்ல படம் கிடைத்திருந்தது. ஓடுகிற லாரியின் பின்பக்கத்திலிருந்து யாரோ எடுத்தது. சிராங்கூன் சாலையின் அலங்கார விளக்குகளெல்லாம் நீளநீளமாக இழுபட்டு, மழைக்கோடு மாதிரி இருந்தன. நான் அதன்மேல் வாழ்த்து வாசகத்தை எழுதி, அச்சுக்கு அனுப்பத் தயாராக வைத்திருந்தேன். புதிதாக வந்தவர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"அண்ணே, ரொம்ப அழகா இருக்கு. இது யாரோடது?"

"நெட்ல இருந்து எடுத்தேன்."

"நெட் எடுக்கலையேண்ணே. யாரோ லாரியில உக்காந்து எடுத்திருக்காங்க."

கேலியாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அந்தக் கேள்வியை அடுத்து வந்த ஐந்தாறு ஆண்டுகளில் அவர் வாயிலிருந்து எத்தனை முறை கேட்டிருப்பேனோ. புகைப்படம், பாட்டு, பின்னணியில் ஓடுகிற மிருதங்கம், ஒரு கோலம், ஒரு எழுத்துரு, எதைக் காட்டினாலும் முதலில் அழகாக இருக்கிறது என்பார். அடுத்து "இது யாரோடது?" என்பார். அவர் வேலைக்குச் சேர்ந்தது தயாரிப்பு ஒருங்கிணைப்பாளராக. ஆனால் சில மாதங்களிலேயே தேக்காவில் எங்களோடு தொழில் செய்கிறவர்கள் எல்லோருக்கும் அவர் பெர்மிஷன் அக்கா ஆகிவிட்டார். என்னைவிடப் பத்து வயது இளையவர். அதனால் எனக்கு மட்டும் அக்கா இல்லை.

அந்தப் படத்தை எடுத்தவரை அவர் தேடிப் பிடித்தார். முகநூலில் ஓர் ஊர்க்காரர் குழுவிலிருந்து இன்னொரு குழுவுக்குப் போய், கடைசியில் கிராஞ்சியில் தொழிலாளர் விடுதியில் இருக்கிற முருகேசன் என்பவரிடம் போய்ச் சேர்ந்தார். ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்கு வருவேன் என்று முருகேசன் சொல்ல, பெர்மிஷன் அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். எனக்கு ஒரே எரிச்சல். ஓர் அட்டைக்காக ஞாயிற்றுக்கிழமையா?

முருகேசன் புதுச்சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும் அவருக்குப் புரியவில்லை.

"இதுக்கா வந்தீங்க? எத்தனையோ பேர் எடுத்துப் போட்டிருக்காங்கக்கா. யாரும் கேட்டதில்ல."

"நாங்க கேக்கறோம். நீங்க வேணாம்னு சொன்னாலும் பரவாயில்ல."

அவர் கைப்பேசியை வாங்கி, என் வடிவமைப்பைப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு, "இது வேணாங்க்கா" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கேட்டால் கொடுத்துவிடுவார் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

"ஓரத்துல பாருங்க, லாரிக் கதவுல கம்பெனி பேரு பாதி தெரியுது. நான் ஓட்டத்துல எழுந்து நின்னு எடுத்தது. பாத்தா சூப்பர்வைசர் திட்டுவாரு. உக்காந்து எடுத்தது ஒண்ணு இருக்கு. அதத் தரேன்."

அவர் கொடுத்த படம் முதல் படத்தைவிட நன்றாக இருந்தது. அட்டையின் பின்புறம் பெயர் போட்டு, அவருக்கென்று ஒரு கட்டு அட்டைகளையும் கொடுத்தோம். திரும்பி வரும்போது பெர்மிஷன் அக்கா என்னைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும். அந்தப் படத்தில் லாரிக் கதவு இருப்பதையே நான் கவனித்திருக்கவில்லை. படம் யாருடையதோ அவருக்குத்தான் அதில் என்ன இருக்கிறது என்று தெரியும்.

பெர்மிஷன் அக்கா செங்காங்கில் குடியிருந்தார். நானும் அங்கேதான், நாலு அடுக்குமாடி புளோக் தள்ளி. கணவர் மருத்துவமனையில் நோயாளிகளைக் கவனிக்கிற தாதியர். கத்தோலிக்கக் குடும்பம், ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசையில் பாடுவார். குள்ளமான உருவம், பெரிய கைப்பை, வேகமான நடை. எதற்கும் குரலை உயர்த்த மாட்டார். அதுதான் சில பேருக்கு இன்னும் எரிச்சல். கத்தினால் திருப்பிக் கத்தலாம். அவர் பாட்டுக்குச் சிரித்த முகமாகக் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை அங்கேயே நிற்பார்.

ஒரு கிறிஸ்துமஸுக்கு அவருடைய கோவில் பாடகர் குழுவில் இதே தகராறு நடந்தது. சினிமாப் பாட்டு ஒன்றின் மெட்டில் யேசு பிறந்த வரிகளைப் போட்டுப் பாடுவதாக ஏற்பாடு. இவர் மாட்டேன் என்றிருக்கிறார். குழுவின் தலைவர் பெரியவர், கோபக்காரர். "சாமிக்காகத்தானம்மா பாடறோம்" என்றாராம். "சாமிக்குக் குடுக்கறத நம்மளோடதாக் குடுப்போமே அங்கிள்" என்றிருக்கிறார் இவர். இரண்டு வாரம் யாரும் இவரோடு சரியாகப் பேசவில்லை. கடைசியில் ஒரு பழைய நாட்டுப்புற மெட்டை எடுத்துக்கொண்டார்கள். அது யார் போட்டது என்று எவருக்கும் தெரியாது. யாருக்கும் சொந்தமில்லாத அளவுக்குப் பழையது. விருந்துக்குப் போயிருந்த நான் அந்தப் பாட்டைக் கேட்டேன். நன்றாகவே இருந்தது. கோபக்காரப் பெரியவர்தான் எல்லோரையும்விடச் சத்தமாகப் பாடினார்.

இதையெல்லாம் வைத்து அவரை எதற்கெடுத்தாலும் தடை போடுகிறவர் என்று நினைத்துவிட முடியாது. நானே முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஒரு நாள் மதியச் சாப்பாட்டுக்கு வரவேற்பறைப் பெண் ஷீலா சம்பால் மீன் கொண்டுவந்திருந்தாள். பிரமாதமாக இருந்தது. ஒரு புகழ்பெற்ற சமையல் புத்தகத்தைப் பார்த்துச் செய்தது என்றவள், பெர்மிஷன் அக்காவைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"அக்கா, இதையும் கேக்கணுமா?"

"ஐயோ, சமைச்சுச் சாப்பிடறதுக்கு யாரைக் கேப்ப? எவ்வளவு மிளகாய், எவ்வளவு புளிங்கறதுக்கெல்லாம் சொந்தக்காரர் கிடையாது லா. அவங்க அதைப் பத்தி அழகா எழுதியிருக்காங்க பாரு, அந்த எழுத்து அவங்களோடது. அந்தப் படம் அவங்களோடது. மீன் உன்னோடது. இன்னொரு துண்டு போடு."

இந்தப் பிரிவினைகள் அவருக்குப் பிடித்தமானவை. யோசனை வேறு, அதைச் சொன்ன விதம் வேறு. பெயர் போடுவது மரியாதை, அனுமதி என்பது தனி. "முப்பது விநாடிக்குள்ள எடுத்தா பரவாயில்லையாமே" என்று யாராவது சொன்னால், "அப்படிச் சட்டத்துல எங்கேயும் இல்லண்ணே. யாரோ கிளப்பிவிட்டது" என்பார். ஒரு விநாடி எடுத்தாலும் தப்பாக இருக்கலாம், முழுவதையும் எடுத்தாலும் சரியாக இருக்கலாம், எதற்காக எடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது என்பார். எனக்குத் தலை சுற்றும்.

ஒருமுறை கேட்டேன். "உங்களுக்கு ஏன் இதுல இவ்வளவு பிடிவாதம்? உங்களோடது எதையாவது யாராவது திருடிட்டாங்களா?"

அவர் யோசித்துப் பார்த்தார். "இல்லையேண்ணே. எங்க வீட்டுல ஒரே கூட்டம். பெரியம்மா பிள்ளைங்க, சித்தப்பா எல்லாரும் ஒண்ணாத்தான் இருந்தோம். ஃப்ரிட்ஜுல இருந்து ஒரு கேக் துண்டு எடுக்கறதா இருந்தாலும் இது யாரோடதுன்னு ஒரு குரல் குடுப்போம். பெரும்பாலும் எடுத்துக்கோன்னுதான் பதில் வரும். அவ்வளவுதான்." அதற்குமேல் அதில் கதை எதுவும் இல்லை.

செம்பவாங் படம் எடுக்கப் போனபோதுதான் அவரைச் சரியாகத் தெரிந்துகொண்டேன்.

செம்பவாங்கில் கடற்படைத் தளம் இருந்த காலத்தில் கப்பல் துறையில் வேலைபார்த்த தமிழ்க் குடும்பங்களைப் பற்றி ஒரு படம். யாரும் கேட்டு வாங்கிய படம் இல்லை. ஜமால் பாயின் சொந்த ஆசை. வயதான பெண்களிடம் பேசிப் பதிவு செய்தோம். அவர்களில் ஒருவர் பாக்கியம் ஆன்ட்டி. அந்தக் காலத்தில் கப்பல் பழுதுபார்க்கும் ஒரு ஒப்பந்த நிறுவனம் தன்னைப் பற்றி விளம்பரப் படம் ஒன்று எடுத்திருக்கிறது. அந்த நிறுவனம் இப்போது இல்லை. அதன் சொத்துகளை வாங்கிய வேறொரு பெரிய நிறுவனம் அந்தப் பழைய படத்தை இணையத்தில் போட்டு வைத்திருந்தது. அதில் தொழிலாளர் குடியிருப்பின் முன்னால் ஒரு சிறுமி பாவாடை சட்டையோடு சிரித்துக்கொண்டே ஆடுகிறாள். 'மகிழ்ச்சியான தொழிலாளர் குடும்பங்கள்' என்று ஓர் ஆங்கிலக் குரல் சொல்கிறது.

அந்தச் சிறுமி பாக்கியம் ஆன்ட்டிதான்.

அந்தக் காட்சியை மடிக்கணினியில் அவருக்குப் போட்டுக் காட்டினோம். அவர் திரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அந்த வாரம் எங்கப்பாவுக்குக் கையில அடி. இரும்புக்கு நடுவுல மாட்டிக்கிச்சு. உள்ள படுத்திருக்காரு. அந்தக் கதவு தெரியுது பாருங்க, அதுக்குப் பின்னாடி. வெளிய வந்து ஆடுன்னாங்க. அம்மா ஆடிட்டு வந்துடுன்னுச்சு. நான் ஆடினேன்." பிறகு திரையைத் தொட்டு, "சிரிக்கிறேன் பாருங்க" என்றார்.

எங்கள் படத்தின் உயிரே அந்த இடம்தான். பழைய காட்சி ஒரு பக்கம் ஓட, அதைப் பார்த்து அவர் பேசுகிற முகம் மறுபக்கம்.

பெர்மிஷன் அக்கா வழக்கம்போல அந்தப் பெரிய நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டார். பதில் வந்தது. தரலாம், ஆனால் பழைய நிறுவனத்தைப் பற்றிக் குறையாக எதுவும் வரக்கூடாது, முன்கூட்டியே எங்களுக்குக் காட்ட வேண்டும் என்றார்கள். சரி, காட்சி போச்சு என்று நான் நினைத்தேன். கேட்காமல் எதையும் தொடாதவர், கேட்டு மறுத்ததைத் தொடவிடுவாரா?

அவர் என் அறைக்கு வந்து உட்கார்ந்தார். "அண்ணே, கேட்டாச்சு. குடுக்க மாட்டேங்கறாங்க. இப்ப அவங்க குடுக்காமலே எடுக்கலாமான்னு பாக்கணும்."

நான் அவரையே பார்த்தேன்.

"என்னண்ணே அப்படிப் பாக்கறீங்க? ஒருத்தர் சொன்னதைப் பத்திப் பேசணும்னா அவர் என்ன சொன்னார்னு காட்டித்தானே ஆகணும்? அதுக்கு அவர் சம்மதம் வேணும்னா, அப்புறம் யாருமே யாரையும் விமர்சிக்க முடியாதே. அதுக்குத்தான் சட்டத்துல நியாயமான பயன்பாடுன்னு வச்சிருக்காங்க. ஆனா நியாயமா இருக்கணும். ஆன்ட்டி பேசறதுக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவுதான். நீங்க அதுல கப்பல் வர்றது, கடல், சூரியன் எல்லாம் எடுத்து வச்சிருக்கீங்க. அது அழகுக்கு. அதை எடுத்துடுங்க."

எனக்கு அந்தக் கடலை வெட்ட மனசே வரவில்லை. சண்டை போட்டேன். அவர் சிரித்த முகமாக நின்றார். வெட்டினேன். கதவு, சிறுமி, ஆங்கிலக் குரல் மட்டும் மிஞ்சின. எங்கிருந்து எடுத்தது என்று திரையிலேயே எழுதினோம்.

படம் முடிகிற நேரத்தில் அவருடைய அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போய் அவர் விடுப்பில் இருந்தார். படத்தை இணையத்தில் ஏற்றினோம். செம்பவாங்கில் ஒரு சமூக மன்ற அரங்கில் சனிக்கிழமை திரையிடுவதாக ஏற்பாடு. படத்தில் பேசியவர்கள் எல்லோரும் குடும்பத்தோடு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அந்த வாரம் செவ்வாய்க்கிழமை அந்தப் பெரிய நிறுவனத்திடமிருந்து மின்னஞ்சல் வந்தது. படத்தை உடனே நீக்க வேண்டும், திரையிடக் கூடாது, இல்லாவிட்டால் வழக்கு. அன்று மதியமே இணையத்தில் எங்கள் படம் இருந்த இடத்தில் சாம்பல் நிறக் கட்டம் மட்டும் இருந்தது.

ஜமால் பாய் நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டார். "அவங்க பெரிய கம்பெனி. கேஸ்னு வந்தா நாம ஆபீஸைப் பூட்டிட்டுப் போக வேண்டியதுதான். அந்த சீனைத் தூக்கிடுங்க."

"அதைத் தூக்கினா ஆன்ட்டி எதைப் பாத்துப் பேசறாங்கன்னே புரியாது, பாய்."

"அப்ப ஆன்ட்டியையும் தூக்குங்க."

அவர் கல்நெஞ்சர் இல்லை, பயம். எனக்கும் அதே பயம்தான். எனக்கு அந்த வயதில் யார் புதிதாக வேலை கொடுப்பார்கள்?

விடுப்பு முடிந்து அன்றுதான் வந்திருந்த பெர்மிஷன் அக்கா ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு முழுப் படத்தையும் முதலிலிருந்து பார்த்தார். நாங்கள் இருவரும் அவருக்குப் பின்னால் நின்றோம். பாக்கியம் ஆன்ட்டி வரும் இடத்தில் அவர் அசையவில்லை. கடைசியில் பெயர்கள் ஓடும்போது சட்டென்று நிறுத்தினார்.

"இந்த மியூசிக் யாரோடது?"

ஜமால் பாய் தரையைப் பார்த்தார். அந்தப் பழைய படத்தில் வருகிற வயலின் இசை. அவருக்கு ரொம்பப் பிடித்துப்போய், இவர் இல்லாத நேரத்தில் என்னைப் போடச் சொல்லியிருந்தார். நானும் போட்டிருந்தேன்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார் பெர்மிஷன் அக்கா. முகத்தில் சிரிப்பு இல்லை. அப்படி நான் பார்த்ததில்லை. "இதைப் பத்தி நாம ஏதாச்சும் சொல்றோமா? இல்ல. நல்லா இருக்குன்னு எடுத்துக்கிட்டோம். அவங்க கோபப்படறதுல இந்த அளவுக்கு நியாயம் இருக்கு. இதை இப்பவே எடுங்கண்ணே."

"சீன்?" என்றேன்.

"அதைத் தொடாதீங்க."

மறுநாள் பாக்கியம் ஆன்ட்டியிடம் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும் என்று செம்பவாங் போனோம். சனிக்கிழமை நடக்காமல் போகலாம் என்பதை நேரில்தான் சொல்ல வேண்டும் என்று இவர் நினைத்தார். ஆன்ட்டி எங்களுக்குப் பால் விடாத தே ஓ போட்டுக் கொடுத்து, நாங்கள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார்.

"அந்தப் படம் அவங்களோடதா?"

"ஆமா ஆன்ட்டி. எடுத்தவங்ககிட்ட இருந்து இவங்க வாங்கிட்டாங்க."

"நான் ஆடினது?"

பெர்மிஷன் அக்கா தே ஓ கோப்பையைக் கீழே வைத்தார்.

"சும்மாதான் கேட்டேன்" என்றார் ஆன்ட்டி. "அன்னிக்கு எங்களைக் கேட்டிருந்தா எங்கப்பா வேணாம்னு சொல்லியிருப்பாரு. கேக்கல. அதுக்காக நான் யார்கிட்டயும் சண்டைக்குப் போகல. நான் ஏன் சிரிச்சேன்னு ஒருமுறை சொல்லிட்டாப் போதும்."

திரும்பும்போது பேருந்தில் ஏறியதும் பெர்மிஷன் அக்கா கைப்பேசியை எடுத்து, கூடப் படித்த வக்கீல் தோழி ஒருவரை அழைத்தார். நீளமாகப் பேசினார். முடித்துவிட்டு என்னிடம், "கோர்ட்டுக்குப் போனா இதுதான் நடக்கும்னு யாரும் சத்தியம் பண்ண முடியாதுன்னு சொல்றா. ஆனா நம்ம பக்கம் பலமா இருக்காம். போய்ப் பேசிப் பாப்போம்ணே" என்றார். இறங்குவதற்குள் அதையே இன்னும் இரண்டு முறை சொன்னார். அவருக்கும் பயம் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

வெள்ளிக்கிழமை காலை நகர மையத்தில் உயரமான ஒரு கட்டடத்தில் அந்த நிறுவனத்தின் சட்டப் பிரிவைச் சேர்ந்த ஒரு சீனப் பெண்மணி எங்களைச் சந்தித்தார். ஜமால் பாய் நல்ல சட்டை போட்டுக்கொண்டு, வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்து வந்திருந்தார். பேச்செல்லாம் ஆங்கிலத்தில்தான்.

"நீங்கள் அனுமதி கேட்டீர்கள். நாங்கள் நிபந்தனை சொன்னோம். நீங்கள் அதை மீறிவிட்டீர்கள்" என்றார் அந்தப் பெண்மணி.

"நிபந்தனையை நாங்கள் ஏற்கவே இல்லை" என்றார் இவர். "அதனால் உங்கள் அனுமதியின் பேரில் எதையும் எடுக்கவில்லை. ஒன்று கேட்கலாமா? எங்கள் படத்தைப் பார்த்தீர்களா?"

அந்தப் பெண்மணி கொஞ்சம் தயங்கினார். "எங்களுடையது உங்கள் படத்தில் இருப்பதாகக் கணினி தானாகவே பொருத்தம் காட்டியது. அறிக்கை வந்தது."

"அந்தப் பகுதியை மட்டும் பார்ப்போமா?"

மடிக்கணினியைத் திருப்பி வைத்தார். சிறுமி ஆடினாள். பாக்கியம் ஆன்ட்டி கதவைக் காட்டினார். கீழே ஆங்கிலத்தில் எழுத்து ஓடியது. 'சிரிக்கிறேன் பாருங்க' என்ற இடத்தில் படத்தை இவர் நிறுத்தினார்.

"உங்கள் படத்தைப் பார்க்க நினைக்கிறவர் இதைப் பார்த்துவிட்டு இதுவே போதும் என்று இருந்துவிட மாட்டார்" என்றார் இவர். "உங்கள் படத்துக்குப் பதிலாக இது ஓடப்போவதில்லை. அதற்குப் பதில் சொல்கிறது. பதில் சொல்லத் தேவையானதற்கு மேல் நாங்கள் எடுக்கவில்லை. உங்கள் பெயரும் இருக்கிறது. ஆனால் ஒன்று எங்கள் தப்பு. கடைசியில் உங்கள் இசையைப் போட்டிருந்தோம். அதற்கு எங்களிடம் காரணம் எதுவும் இல்லை. நீக்கிவிட்டோம். அதற்கு மன்னிப்புக் கேட்கிறோம்."

ஜமால் பாய் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தார். தப்பு என்று நாமே ஒப்புக்கொள்வதா என்று அவருக்கு. ஆனால் அந்தப் பெண்மணி முதல்முறையாகப் பேனாவைக் கீழே வைத்தார்.

"அந்த இசைதான் கணினியில் மாட்டியது" என்றார். "இந்தக் காட்சி இருப்பதே எனக்கு இப்போதுதான் தெரியும்." மறுபடி திரையைப் பார்த்தார். "மேலே பேசிவிட்டுச் சொல்கிறேன்."

அன்று மதியம் யாரும் சாப்பிடவில்லை. ஜமால் பாய் தொழுதுவிட்டு வந்து சும்மா உட்கார்ந்திருந்தார். ஷீலா தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் எழுந்து நின்றாள். பெர்மிஷன் அக்கா இசை நீக்கிய பிரதியை இன்னொரு முறை பார்த்து, ஓர் எழுத்துப்பிழையைக் கண்டுபிடித்து என்னைத் திருத்தச் சொன்னார். திரையிடல் நடக்குமா என்றே தெரியாத படத்துக்கு எழுத்துப்பிழை திருத்தினோம்.

நாலரை மணிக்கு மின்னஞ்சல் வந்தது. இசை நீக்கப்பட்டதை உறுதிசெய்துகொண்டார்கள். காட்சியைப் பற்றித் தங்களுக்கு மேற்கொண்டு ஆட்சேபம் இல்லை என்று ஒரு வரி. இணையத் தடையைத் திரும்பப் பெறுவதாக ஒரு வரி. அதை ஜமால் பாய் சத்தமாக வாசித்தார். நடுவில் அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட, மிச்சத்தை ஷீலா வாசித்தாள். பெர்மிஷன் அக்கா, "சரி, சாப்பிடலாமா?" என்றார். கீழே கடையில் கிடைத்த அத்தனை பரோட்டாவையும் வாங்கிவந்து, தட்டுகூட எடுக்காமல் காகிதத்திலேயே பிய்த்துத் தின்றோம்.

சனிக்கிழமை அரங்கம் நிறைந்தது. பாக்கியம் ஆன்ட்டி முதல் வரிசையில் பேத்திகளோடு உட்கார்ந்திருந்தார். சிறுமி திரையில் வந்ததும் பேத்திகளில் ஒருத்தி, "பாட்டி, அது நீங்களா?" என்று கேட்டது எங்களுக்கும் கேட்டது. ஆன்ட்டி கையைக் காட்டி அவளைப் பேசாமல் இருக்கச் சொன்னார். தான் பேசுவதைத் தானே கடைசிவரை கேட்டார். விளக்கு போட்டதும் எழுந்து வந்து பெர்மிஷன் அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "சொல்லியாச்சு" என்றார். பேத்திகள் பின்னால் நின்று கைப்பேசியில் அந்தக் காட்சியைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அது இணையத்தில் திரும்ப வந்திருந்தது.

அதற்கு இரண்டு வருடம் கழித்து, கணவருக்கு அங்கே வேலை கிடைத்து, பெர்மிஷன் அக்கா குடும்பத்தோடு ஆஸ்திரேலியா போய்விட்டார். எப்போதாவது படங்கள் அனுப்புவார். அவரே எடுத்தவை. அலுவலகத்தில் இப்போது அவர் இடத்தில் இருக்கிற பையன் நல்ல திறமைசாலி, எல்லாவற்றையும் கணினியில் சரிபார்க்கிறான். நான் குறை சொல்லவில்லை.

ஆனால் அவரை நினைத்தால் எனக்கு வருவது அந்தச் சனிக்கிழமை சாயங்காலம்தான். திரையிடல் முடிந்து இருவரும் ஒன்றாகப் பேருந்தில் ஏறினோம். ஒருவார்த்தை சொல்லலாம் என்று நான் தொண்டையைச் செருமிக்கொண்டு திரும்பினேன். அவர் கைப்பையை மடியில் அணைத்துக்கொண்டு, ஜன்னல் கண்ணாடியில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. ஈஷூன் வந்தது, மக்கள் ஏறி இறங்கினார்கள், ஒரு குழந்தை அழுதது. அவர் அசையவில்லை. அந்த வாரம் முழுக்க அவர் சரியாகத் தூங்கியிருக்க மாட்டார் என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது. எங்கள் நிறுத்தம் வந்தபோது எழுப்பக் கையை நீட்டினேன். பிறகு எடுத்துக்கொண்டேன். எப்படியும் இன்னும் கொஞ்ச தூரத்தில் பேருந்து முனையம். அங்கிருந்து நடந்து வந்துவிடலாம்.

முனையத்தில் எல்லோரும் இறங்கியதும் ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார். நான் அவரிடம் ஒரு நிமிடம் என்று விரலைக் காட்டினேன். அவர் தலையாட்டிவிட்டு, எஞ்சினை நிறுத்தினார்.